பிராணவாயுவும் மூளையின் ரத்த நாளங்களும்

மூளையின் ரத்த நாளங்களுக்கு உட்சுவராக ஒற்றை வரிசையில் அமைந்திருக்கும் செல்கள் நலிந்தால் மூளையும் நலியும். அவற்றை நலியச் செய்யும் காரணங்களில் தலையாயது, நம்மை வாழவைக்கும் பிராணவாயுவே விபரீத ரூபம் எடுப்பதாகும். அந்தச் செல்களைக் காக்க விஞ்ஞானம் செய்த முயற்சிகளையும், அவற்றின் தோல்விகள் புகட்டிய பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வர்ணம் ஏறாத மூளை

1885ஆம் ஆண்டில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்று உலகப் பிரசித்தி அடையவிருந்த பால் எர்லிக் என்ற ஜெர்மானிய வைத்தியர், உடலின் உறுப்புகளுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படுகிறது என்பதை அறியும் பொருட்டு, பிராணிகளின் ரத்தத்தில் சில சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். மற்ற அவயவங்கள் சாயத்தை வாங்கிக்கொண்டு நிறம் மாறின. மூளை மட்டும், அதே ரத்தம் அதனுள்ளும் ஓடிக்கொண்டிருந்தபோதிலும், வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. மூளைத் திசுவுக்கு அந்தச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் சுபாவம் குறைவு என்று எர்லிக் அதற்குச் சமாதானம் சொன்னார். அவருடைய சீடரான எட்வின் கோல்ட்மன் 1913இல், டிரைபான் நீலம் என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்தாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்திலேயே செலுத்தினார். இம்முறை மூளை நீலமாயிற்று. மற்ற அவயவங்கள் நிறம் மாறவில்லை. ஆகவே சாயத்தை ஏற்பதில் மூளைக்குக் குறை ஏதுமில்லை என்பதும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே கண்ணுக்குப் புலப்படாத ஒரு தடுப்பு இருக்கிறது என்பதும் ஏககாலத்தில் ருசுவாயின.

அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காண்பதற்கு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வரவேண்டியிருந்தது. 1967இல் அமெரிக்காவில் தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள், குதிரைமுள்ளங்கி என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த ஒரு நொதியைச் சுண்டெலிகளின் ரத்தத்தில் ஏற்றி, அவற்றின் மூளையிலுள்ள தந்துகிகளை மிக மெல்லிய சீவல்களாக்கி நோக்கினார்கள். நாளத்தின் உட்சுவரிலுள்ள ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையிலான இடுக்கில் அந்த நொதி சிறிது தூரம் புகுந்து, இரண்டு செல்களின் சவ்வுகளும் இறுகப் பொருந்தியிருந்த இடம் வந்ததும், அதற்குமேல் ஓர் அணுவளவும் நகர மாட்டாமல் நின்றிருந்தது. எர்லிக்கின் சாயத்தைத் தடுத்து நிறுத்திய இடம் அதுவே.

அந்தப் பொருத்துகளை உண்டாக்கும் ஆக்லூடின், கிளாடின் என்ற புரதங்களை 1990களில் ஜப்பானின் ஷோய்ச்சிரோ ட்ஸுகிதாவும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். அவற்றுள் கிளாடின்-5 என்ற ஒன்று மட்டும் இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகளின் மூளை நாளங்கள் பார்வைக்கு யாதொரு குறையுமின்றி இருந்தும், சிறிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே கசிந்தன. குட்டிகள் பிறந்த சில மணி நேரத்துக்குள் மாண்டுபோயின. மூளை என்றதும் நம் சிந்தை நரம்பு செல்களையே நாடுகிறது. மருத்துவமும் நெடுங்காலம் அப்படியேதான் நாடிற்று. ஆயினும் அந்த நரம்பு செல்கள் அனைத்தும், எண்டோதீலியம் எனப்படும் இந்த ஒற்றைச் செல் சுவரின் தயவில் வாழ்கின்றன என்பதை இந்தக் குட்டிகளின் மரணத்தைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டுவது வேறில்லை.

உயிர் தரும் வாயுவின் மறுபக்கம்

நம்முடைய சரீரத்தின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான்; ஆனால் நாம் சும்மா இருக்கும்போதுகூட, உடல் முழுவதும் செலவழிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு பிராணவாயுவும், ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் நீளம் வரக்கூடிய தந்துகிகளின் சுவர்களைக் கடந்தே நரம்பு செல்களை அடைய வேண்டும்.

அந்த வாயுவைத் தனியே பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி, 1774இல் அதில் மெழுகுவர்த்தி மிகுந்த பிரகாசத்துடன் எரிந்து விரைவில் தீர்ந்துபோவதைக் கண்டு, சுத்தமான இந்த வாயுவையே நாமும் சுவாசித்தால் நம்முடைய ஆயுளும் அப்படியே விரைந்து எரிந்து போகுமோ என்று அப்போதே ஐயுற்றார். அந்த ஐயத்துக்கு ரசாயன ரீதியான ஆதாரம் கிடைக்க நூற்றெண்பது ஆண்டுகள் சென்றன. அர்ஜெண்டினாவில் பிறந்து அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஆராய்ச்சி நடத்திய ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அம்மையார் 1954இல், அளவுக்கு மிஞ்சிய பிராணவாயு உடலுக்கு இழைக்கும் தீங்கும், எக்ஸ் கதிர்கள் இழைக்கும் தீங்கும் ஒரே வழியில், அதாவது ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும் ஜோடியற்ற எலெக்ட்ரானை உடைய துகள்களின் மூலமாகவே நிகழ்கின்றன என்ற கொள்கையை வெளியிட்டார்.

பிராணவாயுவின் ஒரு மூலக்கூறு நீராக மாறுவதற்கு நான்கு எலெக்ட்ரான்களைப் பெறவேண்டும். செல்லுக்குள்ளிருந்து அதன் சக்தித் தேவையைப் பூர்த்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெரும்பாலும் இந்தக் காரியத்தைப் பிசகின்றி நடத்தி முடிக்கின்றன. நடுவழியில் ஓர் எலெக்ட்ரானை மட்டும் பெற்று வெளியேறிவிடும் மூலக்கூறு சூப்பர் ஆக்ஸைடு ஆகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடும், இரும்பின் சேர்க்கையால் அதைவிடக் கொடிய ஹைட்ராக்ஸில் ராடிக்கலும் பிறக்கின்றன. இவற்றின் உற்பத்தி செல்லின் தற்காப்புச் சக்தியை மீறிப் போகும் நிலையே ஆக்ஸிகரண அழுத்தம். அந்தத் தற்காப்பின் முதல் அங்கத்தை 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் வெளிப்படுத்தினார்கள். மாட்டின் ரத்தத்திலிருந்து 1938லேயே பிரித்தெடுக்கப்பட்டு, என்ன வேலை செய்கிறதென்று யாரும் அறியாதிருந்த தாமிரம் கலந்த ஒரு புரதத்தின் தொழில் சூப்பர் ஆக்ஸைடைச் சமனப்படுத்துவதே என்று அவர்கள் நிரூபித்தபோது, ஜீவன் தன்னுள் பிறக்கும் விஷத்துக்குத் தன்னுள்ளேயே மாற்று வைத்திருக்கிறது என்ற உண்மை புலனாயிற்று.

சுவருக்குள் நடப்பது

மூளை நாளத்தின் செல்கள் இந்த அழுத்தத்துக்கு விசேஷமாக இலக்காவதற்குக் காரணம் உண்டு. ரத்தத்திலிருந்து எதை உள்ளே விடலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்ற தீர்மானத்தை ஓயாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கும் இந்தச் செல்களுக்கு அபாரமான சக்தி வேண்டியிருக்கிறது. மற்ற திசுக்களின் தந்துகிச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் 2 முதல் 5 சதவிகித இடத்தைப் பெற்றிருக்க, மூளைத் தந்துகிச் செல்களில் அவை 8 முதல் 11 சதவிகித இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதை வில்லியம் ஓல்டெண்டார்ஃபும் அவருடைய சகாக்களும் 1977இல் அளந்து காட்டினார்கள். சக்தி உற்பத்தி மிகுந்த இடத்தில் சூப்பர் ஆக்ஸைடு பிறப்பதற்குரிய வாய்ப்பும் மிகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் நைட்ரிக் ஆக்ஸைடு. ரத்த நாளத்தை விரித்துக்கொடுக்கும் ஏதோ ஒரு வஸ்து உட்சுவர்ச் செல்களிலிருந்தே சுரக்கிறது என்பதை 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். அந்த வஸ்து நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் எளிய வாயுவே என்று பின்னர் தெரியவந்தது. 1998இன் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய இருவருக்கும் இதன் பொருட்டு வழங்கப்பட்டது. மூளையின் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதில் இந்த வாயுவுக்குப் பங்குண்டு. இதன் அருகே சூப்பர் ஆக்ஸைடு தோன்றிவிட்டால், அதைச் சமனப்படுத்தும் நொதி வந்து சேருவதற்கு முன்பே, இரண்டும் மின்னல் வேகத்தில் கூடிப் பெராக்ஸிநைட்ரைட் என்ற நாசகாரப் பொருளாகிவிடுகின்றன. நாளத்தை விரிக்கவேண்டிய வாயு அதனால் வீணாகிறது. அம்மட்டோடு நிற்காமல், நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும் நொதிக்கு இன்றியமையாத துணைப் பொருளையும் பெராக்ஸிநைட்ரைட் கெடுத்துவிடவே, அந்த நொதி அன்றுவரை செய்துவந்த வேலையை விட்டுவிட்டு, சூப்பர் ஆக்ஸைடையே உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. ஒரு தீமை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வகைக்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் காண்பது அரிது.

இவ்விதம் நலிந்த செல்களின் பொருத்துகள் தளர்கின்றன; கிளாடினும் ஆக்லூடினும் தத்தம் ஸ்தானத்தை விட்டு விலகுகின்றன; நாளத்தைத் தாங்கி நிற்கும் அடிப்படைச் சவ்வைக் கரைக்கும் நொதிகள் விழித்தெழுகின்றன. ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகவே கூடாத புரதங்கள் புகுகின்றன. பக்கவாதத்தில் மூளை வீங்குவதற்கும், பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து முதுமையில் ஞாபக மறதியாக முதிரும் நோய்களுக்கும் இந்தக் கசிவோடு தொடர்புண்டு. அல்ஸைமர் நோயில் சேரும் அமிலாய்டு புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் சுண்டெலிகளில் மூளை நாளங்கள் விரியும் திறன் குன்றுவதையும், மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்ட அந்த நொதி மிகுதியாக இருக்கும்படி செய்தால் அத்திறன் மீள்வதையும் காஸ்டான்டினோ இயடெகோலாவின் குழுவினர் 1999இல் காட்டினார்கள்.

ரத்தம் திரும்பி வரும் வேளை

பக்கவாதத்தின்போது இந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது. ரத்தக் கட்டி அடைத்த நாளத்துக்கு அப்பால் ரத்தமில்லை. ரத்தமில்லாத இடத்தில் செல்லின் சக்திச் சரக்கு சிதைந்து, ஹைப்போஸாந்தைன் என்ற கழிவாகத் தேங்குகிறது. பின்னர் கட்டி கரைந்தோ அகற்றப்பட்டோ ரத்தம் பாயும்போது, உடன் வந்த பிராணவாயுவையும் தேங்கிய கழிவையும் ஸாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி கூட்டுவித்துச் சூப்பர் ஆக்ஸைடை வெள்ளமாகப் பெருக்குகிறது. உயிர் காக்க வந்த ரத்தமே முதலில் தீண்டுவது நாளத்தின் உட்சுவரைத்தான். அது ஏற்கெனவே நலிந்திருந்தால் வீக்கமும், சில வேளைகளில் ரத்தக் கசிவும் உண்டாகின்றன. இதற்காக அடைப்பை நீக்காமல் விடலாம் என்பதில்லை. அடைப்பை நீக்காவிட்டால் மூளைத் திசுவின் மரணம் நிச்சயம். திறந்துவிடும் வேளையிலேயே சுவரையும் காக்க முடியுமா என்பதே ஆராய்ச்சியாளர்களின் பிரச்சினையாயிற்று.

ஐயாயிரம் பேரிடம் நடந்த சோதனை

பிராணிகளில் விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றிற்று. சூப்பர் ஆக்ஸைடைச் சமனப்படுத்தும் நொதி இயல்புக்கு மேல் அமைந்த சுண்டெலிகளில், நாளத்தை அடைத்துத் திறந்தபின் மூளையில் சேதம் குறைந்திருந்தது. இதைப் போன்ற சான்றுகளின் பலத்தில் ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடித்து அடக்கும் மருந்துகள் பல உருவாயின. அவற்றுள் மிகுந்த எதிர்பார்ப்புக்கு உரியதாக இருந்தது ஆஸ்ட்ராஸெனெக்கா நிறுவனத்தின் என்எக்ஸ்ஒய்-059. மூளைக்குள் அதிகம் புகாத இந்த மருந்து நாளத்தின் சுவரிலேயே வேலை செய்யக்கூடும் என்று அறிஞர் சிலர் கருதினர். பக்கவாதம் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் 1,722 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய முதல் பரிசோதனையின் முடிவு 2006இல் வெளியானபோது, ஊனம் சற்றே குறைந்ததாகத் தெரிந்தது. அதை உறுதிப்படுத்தும் பொருட்டு 3,306 பேரைக் கொண்டு நடத்திய இரண்டாம் பரிசோதனையில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பேதமே காணப்படவில்லை. 2007இல் அந்த முடிவு பிரசுரமாவதற்கு முன்பே மருந்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஜப்பானில் வேறு விதமாக நடந்தது. ஈடராவோன் என்ற ராடிக்கல் அடக்கியைப் பக்கவாதச் சிகிச்சைக்கு 2001லேயே அந்நாடு அங்கீகரித்து, இன்றளவும் உபயோகித்து வருகிறது. அமெரிக்காவோ அதைப் பக்கவாதத்துக்கு ஏற்காமல், 2017இல் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கு மட்டும் அனுமதித்தது. சீனாவில் ஈடராவோனுடன் டெக்ஸ்போர்னியோல் என்ற பொருளைச் சேர்த்து 1,165 நோயாளிகளிடம் சோதித்தபோது, மூன்று மாதங்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் கூட்டு மருந்து பெற்றவர்களில் 67 சதவிகிதமும், ஈடராவோன் மட்டும் பெற்றவர்களில் 59 சதவிகிதமும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பயனே இல்லை என்று ஒதுக்கவும், பயன் ஸ்தாபிதமாகிவிட்டது என்று கொண்டாடவும் இடமில்லாத ஒரு நடுநிலையில் இத்துறை நிற்கிறது.

பிராணிகளில் பலித்தது மனிதரில் பலிக்காததற்குக் காரணங்கள் பல. சோதனைச் சுண்டெலி இளமையும் ஆரோக்கியமும் உடையது; நோயாளியோ முதியவர், பெரும்பாலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர். சுண்டெலிக்கு மருந்து நிமிஷக் கணக்கில் கிடைக்கிறது, நோயாளிக்கு மணிக்கணக்கில். அந்நாளில் அடைப்பு திறக்கப்படாமலே இருந்த நோயாளிகளும் பலர். திறக்காத நாளத்தின் வழியே மருந்து எப்படிச் சென்றடையும்? இப்போது வடிகுழாயை நாளத்துக்குள் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை வந்துவிட்டது; ரத்தம் திரும்பும் நிமிஷத்தை மருத்துவர் தம் கண்ணாலேயே காண்கிறார். பழைய கருத்தை அந்த நிமிஷத்தில் வைத்து மீண்டும் சோதிப்பது நியாயமென்றே தோன்றுகிறது. எனினும் ஏரிக்கரை உடைத்துக்கொண்டபின் நள்ளிரவில் மண் மூட்டை சுமப்பதைவிட, ஐப்பசிக்கு முன்னே கரையைச் செப்பனிடுவதே மேல் என்ற நியாயம் இந்த வைத்தியத்துக்கும் பொருந்தும்.

வில்லைகளின் மயக்கம்

கரையைச் செப்பனிடுவதென்றால் ஆன்டி-ஆக்ஸிடண்ட் வில்லைகளை விழுங்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். மருந்துக் கடைகளின் விளம்பரங்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. அது எவ்வளவு பிசகானது என்பதை ஃபின்லாந்து உணர்த்திற்று. அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவற்றைக் கொடுத்து நடத்திய நீண்ட பரிசோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களில் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவிகிதம் அதிகரித்தது. வைட்டமின் ஈ உண்டவர்களில் மூளை ரத்தக் கசிவால் மாண்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பல பரிசோதனைகளை ஒருங்கே தொகுத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வைட்டமின் ஈ அடைப்பினால் வரும் பக்கவாதத்தை 10 சதவிகிதம் குறைத்து, ரத்தக் கசிவினால் வரும் பக்கவாதத்தை 22 சதவிகிதம் கூட்டுகிறது என்று கண்டது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற பொருள்களைச் செல்கள் மிகச் சிறிய அளவில் தமக்குள் செய்தி அனுப்பவும் உபயோகிக்கின்றன. ஆகவே அவற்றை அடியோடு துடைப்பது சாத்தியமும் அல்ல, உசிதமும் அல்ல. மேலும், சூப்பர் ஆக்ஸைடு பிறந்த இடத்திலேயே, பிறந்த கணத்திலேயே அதைச் சந்தித்தாலன்றிப் பயனில்லை. குடலில் கரைந்து, உடலெங்கும் பரவி, நீர்த்துப்போன வில்லைக்கு அந்த இடமும் வாய்ப்பதில்லை, அந்தக் கணமும் வாய்ப்பதில்லை.

செல்லின் சொந்த வைத்தியம்

செல்லோ தனக்கு வேண்டிய ஔஷதங்களைத் தானே செய்துகொள்ளும் வல்லமை உடையது. ஜப்பானின் மஸாயுகி யமமோட்டோவும் அவருடைய குழுவினரும் 1990களின் பிற்பகுதியில் இதன் சூட்சுமத்தை விளக்கினார்கள். என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை, கீப்1 என்ற மற்றொரு புரதம் பற்றிப் பிடித்து ஓயாமல் அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிகரண அழுத்தம் தோன்றியவுடன் கீப்1இன் பிடி நெகிழ்கிறது. தப்பிய என்ஆர்எஃப்2 செல்லின் கருவை அடைந்து, குளூட்டாதியோன் முதலான தற்காப்புப் பொருள்களைத் தயாரிக்கும் ஜீன்கள் பலவற்றை ஒருங்கே முடுக்குகிறது. வெளியிலிருந்து வரும் வில்லை ஒரு ராடிக்கலைச் சந்தித்ததும் தானே செலவாகிவிடும். இந்த ஏற்பாடோ நொதிகளை உண்டாக்குகிறது, ஒவ்வொரு நொதியும் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

பிராக்கோலியில் உள்ள சல்ஃபோராஃபேன் என்ற பொருள் இத்தகைய தற்காப்பைத் தூண்டுகிறது என்பதை 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் டலாலே குழுவினர் கண்டார்கள். தலையில் அடிபட்ட எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, மூளை நாளங்களின் உட்சுவர்ச் செல்களும் அவற்றின் பொருத்துப் புரதங்களும் பெரிதும் காப்பாற்றப்பட்டன என்று 2007இல் டெக்ஸாஸ் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தனர். இது எலிகளின் கதை. பிராக்கோலி உண்பவருக்குப் பக்கவாதம் வராது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது முன்னே சொன்ன மயக்கத்தையே மறுபடி அழைத்து வருவதாகும். இதில் பெறவேண்டியது, காப்பு என்பது செல்லின் சொந்த வலிமையைப் பேணுவதே என்ற தத்துவம் ஒன்றுதான். நாளத்தில் ரத்தம் தடையின்றிச் சீராக ஓடும்போது, அந்த ஓட்டத்தின் உரசலே உட்சுவர்ச் செல்களில் என்ஆர்எஃப்2வையும் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியையும் ஊக்குவிக்கிறது என்று ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. தினந்தோறும் நடப்பதன் நன்மைக்கு இதுவும் ஒரு விளக்கம்.

ஊற்றுக்கண்ணை அடைத்தல்

பிறந்துவிட்ட ராடிக்கல்களைத் துரத்திப் பிடிப்பதைவிட, அவை பிறக்கும் ஊற்றுக்கண்களை அடைப்பதே நிச்சயமான வழி. அந்த ஊற்றுக்கண்கள் எவை என்பதில் ரகசியம் ஏதுமில்லை. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், நாளச் சுவரிலுள்ள என்ஏடிபிஹெச் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியைத் தூண்டிச் சூப்பர் ஆக்ஸைடைப் பெருக்குகிறது என்று 1994இல் கேத்தி கிரீண்ட்லிங்கின் ஆய்வு தெளிவாக்கிற்று. ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது தசைச் செல்களைப் போலத் தன் வாயிலைக் குறுக்கிக்கொள்ள மாட்டாத நாளச் செல்லுக்குள் அதுவும் மிகுதியாகப் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாக்களை மூச்சுத் திணறச் செய்கிறது என்று 2001இல் மைக்கேல் பிரவுன்லீ எடுத்துரைத்தார். புகையிலைப் புகையோ ராடிக்கல்களை நேராகவே சுமந்து வருகிறது.

ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே கொண்டுவந்தால் என்ன நேரும் என்று அமெரிக்காவில் 9,361 பேரிடம் சோதித்ததன் மூளை பற்றிய முடிவுகள் 2019இல் வெளியாயின. டிமென்ஷியா குறைந்தது என்று அறுதியிட்டுக் கூறமுடியவில்லை. அதற்கு முந்திய படியான லேசான நினைவுத் தளர்ச்சி, அழுத்தத்தை நன்கு குறைத்தவர்களிடம் 19 சதவிகிதம் குறைந்திருந்தது. மகத்தான எதிர்பார்ப்புகளுடன் பிறந்த ராடிக்கல் அடக்கிகள் பலவற்றால் சாதிக்க இயலாததை, சாதாரணமான பிரஷர் மாத்திரைகள் சாதித்தன.

ஆகவே நாற்பது வயதைக் கடந்தவர்கள் பிரஷரையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வதும், மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டால் அதை விடாமல் உட்கொள்வதும், பீடி சிகரெட்டை விடுவதுமே இன்றைக்குக் கைவசம் உள்ள காப்பு. முகம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய நாலரை மணி நேரம் வீணாகாதபடி உடனே மருத்துவமனையை அடையவேண்டும் என்பது அதன் மறுபாதி. தலைவலியோ மயக்கமோ இல்லையென்றதும், பிரஷர் குணமாகிவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். 2021 முதல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற பெயரில் பிரஷர், சர்க்கரை ஆகிய இரு நோய்களுக்குமான மருந்துகளை வீடு தேடிக் கொண்டுசேர்க்கும் திட்டத்தை, மூளை நாளங்களைக் காக்கும் திட்டம் என்று எவரும் அழைப்பதில்லை. ஆனால் மருந்து தடையின்றித் தொடர்வதில்தான் அந்தக் காப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. புதிய ஔஷதங்களை ஆய்வுக்கூடங்கள் தேடட்டும். அவை கிடைக்கும்வரை, இருக்கிற மாத்திரை இடையில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது வைத்தியருக்கும் அரசாங்கத்துக்கும் எவ்வளவு கடமையோ, அதை உட்கொள்கிறவருக்கும் அவ்வளவு கடமை.